சிவசாமி கரைக்கு இழுத்து வந்தது

சிவசாமி பள்ளிக்கூடத்தை எட்டாம் வகுப்போடு விட்டவர். ஆனாலும் சுற்றுச்சூழல் அறிவியல் பட்டப்படிப்பில் எந்த வருஷம் என்ன பாடம் என்று கேட்டால், வலை தைத்துக்கொண்டே தடங்கலில்லாமல் சொல்வார். முதல் வருஷம் வேதியியலும் உயிரியலும். தமிழும் இங்கிலீஷும் எல்லாருக்கும் உண்டு. இரண்டாம் வருஷம் மண், தண்ணீர், காற்று மூன்றையும் சோதித்துப் பார்க்கும் செய்முறை. புள்ளியியல் என்று ஒரு கணக்கு வரும், அதில்தான் பிள்ளைகள் மாட்டிக்கொள்ளும். மூன்றாம் வருஷம் சட்டமும் ஒரு பாடம். கடைசிப் பருவத்தில் பாதி நாள் வகுப்பே கிடையாது. வெளியே போய்க் களப்பணி செய்து, அதை அறிக்கையாக எழுதி, வேறு கல்லூரியிலிருந்து வரும் பேராசிரியர் முன்னால் நின்று பதில் சொல்ல வேண்டும். மற்ற எல்லாவற்றிலும் தேறி, அது ஒன்று நின்றுபோனாலும் பட்டம் இல்லை.

இதெல்லாம் மகள் சந்திரலேகா தஞ்சாவூர் விடுதியிலிருந்து போனில் சொல்லிச் சொல்லி அவருக்கு மனப்பாடமானது. அதிராம்பட்டினத்துக்குத் தெற்கே இருந்த அந்த மீனவக் குப்பத்தில் கல்லூரிக்குப் போன பெண்கள் இருந்தார்கள். நர்சிங் படித்தார்கள், டீச்சருக்குப் படித்தார்கள். இப்படி ஒரு படிப்பை யாரும் கேள்விப்பட்டதில்லை.

"ஒம்மவ என்னதான்ப்பா படிக்குது?" என்பார்கள் கரையில்.

"கடலு, காத்து, மண்ணு எல்லாத்தையும் படிக்கிது."

"அதுதான் தெனம் நம்ம மூஞ்சியில அடிக்குதே, அதுக்கு எதுக்குத் தஞ்சாவூரு?"

எல்லாரும் சிரிப்பார்கள். சிவசாமியும் சிரிப்பார். அவருக்கு அதில் வருத்தமே இல்லை. ஒரே மகள். இரண்டாம் வருஷச் செய்முறைக்குக் கடல் தண்ணீர் வேண்டும் என்று அவள் கேட்டபோது, முகத்துவாரத்தில் ஒன்று, இறால் பண்ணை வடிகாலில் ஒன்று, நடுக்கடலில் ஒன்று என்று பாட்டில்களில் பிடித்து, ஒவ்வொன்றிலும் பெயர் எழுதி, பையில் அடுக்கிக்கொண்டு பட்டுக்கோட்டை வழியாகத் தஞ்சாவூருக்கு பஸ் ஏறியவர் அவர். வழியில் வடிகால் பாட்டில் கசிந்து பக்கத்து சீட்டுக்காரரின் வேட்டியை நனைத்துவிட்டது. ஒரத்தநாடு வரை அந்த மனிதரிடம் திட்டு வாங்கிக்கொண்டே போனார். வீட்டுக்கு வந்து அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

கடைசிப் பருவம் வந்தது. வழிகாட்டிப் பேராசிரியர் ஹமீதா பானு, லேகாவின் ஊரைக் கேட்டுவிட்டு, "உங்க கடல்லயே ஒரு நல்ல தலைப்பு இருக்கே" என்று ஆவுளியாவைக் கொடுத்தார். புத்தகத்தில் கடல்பசு என்று எழுதுவதைத்தான் அந்தக் கரையில் ஆவுளியா என்பார்கள். கடலுக்கு அடியில் வளரும் தாழைப் புல்லை மேய்கிற பெரிய பிராணி. மீனைப் போலத் தண்ணீருக்குள்ளேயே மூச்சு விடத் தெரியாது. நம்மைப் போல மேலே வந்து காற்றை இழுத்துக்கொண்டு போக வேண்டும். சிவசாமியின் அப்பா காலத்தில் வலையில் விழுந்தால் வெட்டி ஊருக்கே பங்கு வைப்பார்கள். இப்போது தொட்டாலே சிறை.

லேகாவின் வேலை இதுதான். வனத்துறை அலுவலர் ஒருவரின் கீழ் ஒன்றரை மாதம் களப்பணி. தாழைப் படுகை எங்கெங்கே இருக்கிறது என்று வரைபடம் போட வேண்டும். கரையோர ஊர்களுக்குப் போய் ஆவுளியாவைப் பற்றிப் பேச வேண்டும். பாதி வழியில் ஓர் இடைக்கால அறிக்கை, முடிவில் முழு அறிக்கை. இரண்டிலும் ஒரு நகல் அந்த அலுவலகத்துக்கும் போக வேண்டும் என்பது படிப்பின் விதி.

மகள் ஒன்றரை மாதம் வீட்டில் இருக்கப் போகிறாள் என்பதே சிவசாமிக்குத் திருவிழாவாக இருந்தது. அவரே அவளைப் படகில் ஏற்றிக்கொண்டு போய், எங்கே தாழை அடர்த்தி, எங்கே மெலிவு, எந்தப் படுகையில் யார் வலை போடுவார்கள் என்று கை நீட்டிக் காட்டினார். அவள் போனில் இடத்தைக் குறித்துக்கொண்டாள். உடன் வந்த பரிதிதான் முணுமுணுத்தான். பரிதி சிவசாமியின் மனைவி சுந்தரிக்குத் தம்பி. படகில் அவனுக்குப் பாதிப் பங்கு.

"இதெல்லாம் எதுக்கு மச்சான் எழுதிக்கிட்டு?"

"படிப்புக்குடா மாப்ள. வரைபடம் இல்லன்னா மார்க்கு இல்ல."

சொந்த ஊரில் கூட்டம் நடந்த அன்று லேகா கழுத்தில் அடையாள அட்டை தொங்க, அந்த இளம் அலுவலருக்குப் பக்கத்தில் நின்று பேசினாள். ஏலக் கொட்டகையில் ஆண்கள் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். ஆவுளியா உயிரோடு மாட்டினால் வலையை அறுத்து விட்டுவிடுங்கள், அறுந்த வலைக்கு அரசு ஈடு கொடுக்கும், செத்துக் கிடந்தால் மறைக்காமல் தகவல் சொல்லுங்கள், சொன்னவர் மேல் வழக்கு வராது என்றாள். பின்னாலிருந்து ஒருவர் கேட்டார்:

"ஒங்க அப்பன் வலையில விழுந்தா சொல்லுவியாம்மா?"

கொட்டகை கொல்லென்று சிரித்தது. லேகா முகம் சிவந்துபோனாள். ஆனாலும் குரல் இறங்கவில்லை.

"நான் எதுக்கு சொல்லணும்? எங்க அப்பாவே சொல்லுவாரு."

எல்லாரும் சிவசாமியைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் தலையை ஆட்டினார்.

அடுத்த வாரம், திருக்கை பிடிக்கப் போட்டிருந்த அகலக் கண்ணி வலையை எடுக்க, கிழக்கு வெளுக்கும் நேரத்தில் அவரும் பரிதியும் போனார்கள். வலை கனத்தது. முதலில் பெரிய திருக்கை என்றுதான் நினைத்தார்கள். பாதி இழுத்ததும் சாம்பல் நிற முதுகு தெரிந்தது. பரிதி கையை விட்டுவிட்டான்.

பெண் ஆவுளியா. வலை வாலையும் துடுப்பையும் சுற்றி இறுக்கியிருந்தது. மேலே வர முடியாமல் மூச்சு முட்டிச் செத்திருந்தது. துடுப்புக்கு அடியில், மனுஷிக்குப் போல இரண்டு முலைகள். ஒன்றிலிருந்து பால் கசிந்து தண்ணீரில் வெள்ளையாகப் பரவிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் படகின் மறுபக்கம் புஸ்ஸென்று ஒரு மூச்சுச் சத்தம் கேட்டது. சின்னது ஒன்று மேலே வந்து, மூக்கைக் காட்டிவிட்டு உள்ளே போனது. கொஞ்ச நேரத்தில் மறுபடி வந்தது.

பிறகு பரிதிதான் வாயைத் திறந்தான்.

"கல்லக் கட்டி எறக்கிடுவோம் மச்சான். பாத்தது நம்ம ரெண்டு பேருதான்."

சிவசாமி சின்னது மூழ்கிய இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன யோசனை? எத்தன பேரு எறக்கியிருக்கான். எவனாச்சும் வாயத் தொறந்திருக்கானா?"

"லேகா ஊரு முன்னாடி சொல்லியிருக்குடா."

"அது படிக்கிற புள்ள. பரிட்சைக்காவ சொல்லுது. அதுக்காவ நம்ம போயி தலையக் குடுக்கறதா? எனக்கு ரெண்டு பொட்டப் புள்ளைங்க இருக்கு மச்சான்."

"நாளைக்கு இது எங்கயாச்சும் கரை ஒதுங்கும். ஒடம்புல வலைத் தடம் இருக்கும். அளந்து பாக்கறது யாரு? எம் பொண்ணு. அப்பன் மறச்சத அது கையால எழுத வைக்கச் சொல்றியா?"

பரிதி தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டான். சிவசாமி போனை எடுத்தார். லேகா தூக்கக் குரலில் பேசினாள். விஷயத்தைக் கேட்டதும் முழுதாக விழித்துக்கொண்டாள்.

"உயிரோட இருக்காப்பா?"

"இல்லம்மா."

"கரைக்குக் கொண்டு வாங்கப்பா. நான் சார்கிட்ட சொல்றேன். ஒண்ணும் ஆவாது. பயப்படாதீங்க."

அவர் பயப்படவில்லை. படகுக்குப் பின்னால் கட்டி இழுத்து வந்தார்கள். கொஞ்ச தூரம் வரை பின்னால் அந்த மூச்சுச் சத்தம் வந்தது. தண்ணீர் ஆழம் குறைந்த பிறகு கேட்கவில்லை.

கரையில் ஊரே கூடிவிட்டது. அலுவலர் வந்தார், கால்நடை மருத்துவர் வந்தார். மணலிலேயே அறுத்துச் சோதனை நடந்தது. எல்லாக் கையிலும் போன், எல்லாப் போனிலும் படம். லேகா உறையைக் கையில் மாட்டிக்கொண்டு நாடாவைப் பிடித்து மூக்கிலிருந்து வால் வரை அளந்தாள். சிவசாமி கூட்டத்துக்குள் நின்றிருந்தார். வயிற்றிலிருந்து பச்சைத் தாழை கட்டி கட்டியாக வந்தது. பால் மடியைப் பார்த்துவிட்டு மருத்துவர் ஏதோ சொல்ல, லேகா எழுந்து அப்பாவிடம் வந்தாள்.

"குட்டி ஏதாச்சும் பாத்தீங்களாப்பா?"

அவள் கண்கள் ஏற்கெனவே கலங்கியிருந்தன. சிவசாமி பரிதியைப் பார்த்தார். அவன் கடல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"இல்லம்மா. ஒண்ணும் பாக்கல" என்றார்.

அவள் போய் அப்படியே எழுதிக்கொண்டாள்.

கூட்டத்தில் கொடுத்த வாக்கை அலுவலர் மீறவில்லை. வழக்கு ஏதும் வரவில்லை. சாட்சியாக வலையை மட்டும் எடுத்துக்கொண்டு, சிவசாமியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "உங்கள மாதிரி நாலு பேரு இருந்தா போதும்" என்றார். அதை ஊரார் அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இரண்டு வாரம் கழித்துப் படகுகளைச் சோதிக்க ஆட்கள் வந்தார்கள். தாழைப் படுகையின் மேல் அகலக் கண்ணி வலை போடக் கூடாது என்பது ஏற்கெனவே இருந்த உத்தரவு. யாரும் கண்டுகொள்ளாமல் இருந்தது. ஒரு ஆவுளியா செத்துப் படம் ஊர் ஊராகப் போன பிறகு கண்டுகொள்ளாமல் இருக்க முடியவில்லை. வந்தவர்கள் நேராகப் படுகைக்கே போனார்கள். அங்கே கிடந்த வலைகளை எல்லாம் எடுத்துப் போனார்கள். அவர்கள் கையில் இருந்தது லேகா போட்ட வரைபடம்.

அவள் யாரையும் காட்டிக் கொடுக்க அதைப் போடவில்லை. இடைக்கால அறிக்கையோடு நகல் கொடுக்க வேண்டும் என்பதால் கொடுத்தாள். இதை யாரிடம் போய் விளக்குவது?

யாரும் வீட்டுக்கு வந்து சண்டை போடவில்லை. ஊரைவிட்டு ஒதுக்கினோம் என்று யாரும் சொல்லவும் இல்லை. சிவசாமி கரைக்குப் போனால் பேச்சு நின்றுவிடும். அவர் உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு எழுந்து போவார். மீன் சந்தையில் சுந்தரி கூடை இறக்கும் இடத்தில் வேறொருத்தி வந்து உட்கார்ந்துகொண்டாள். கேட்டதற்கு, "எடம் என்ன பட்டாவா போட்டிருக்கு?" என்றாள். அவள் சுந்தரியோடு பத்து வருஷமாக ஒரே ஆட்டோவில் போய் வந்தவள்.

கடைசியில் பரிதி வந்தான். வாசலில் நின்றபடியே பேசினான்.

"மச்சான், கூட வர்றதுக்கு எவனும் சம்மதிக்க மாட்டேங்கறான். நீங்க இருக்கற வரைக்கும் படகு கரையிலதான் கெடக்கும். நான் என்ன செய்யட்டும்?"

உள்ளேயிருந்து சுந்தரி, "தம்பி, ஒக்காந்து பேசுடா" என்றாள். அவன் உட்காரவில்லை.

"படக எடுத்துக்கோ மாப்ள" என்றார் சிவசாமி. "நீயாச்சும் போ."

அன்று மாலை லேகா தன் பையைக் கட்டிவைத்துவிட்டு அழுதுகொண்டிருந்தாள். களப்பணியில் இன்னும் நாட்கள் பாக்கி இருந்தன. அந்த ஊர்க் கரையில் அவள் இனிக் கால் வைக்க முடியாது. ஹமீதா பானு போனில் பேசி ஒரு வழி சொல்லியிருந்தார். அந்த ஒரு ஆவுளியாவின் அளவுகளையும், வயிற்றுத் தாழையையும், இறப்பின் காரணத்தையும் வைத்தே முழு அறிக்கையை எழுதலாம், மீதி நாட்களைக் கல்லூரி ஆய்வகத்தில் கழித்துக்கொள்ளலாம், துறை ஒப்புக்கொள்ளும் என்றார்.

"நான் எழுதமாட்டேன்ப்பா. அத வச்சு நான் பட்டம் வாங்கணுமா? நம்ம படகே போச்சு."

"படகு போச்சு. வலை போச்சு" என்றார் சிவசாமி. "படிப்பும் போவணுமா? அப்பறம் எதுக்கு நான் அத இழுத்துக்கிட்டு வந்தேன்?"

"என்னாலதானே."

"ஒன்னால இல்ல. நான் தலைய ஆட்டுனேன்ல?"

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் அவளை ஏற்றிவிட்டார். குப்பத்து நிறுத்தத்தில் ஏற வேண்டாமென்று, பையைத் தூக்கிக்கொண்டு மெயின் ரோடு வரை நடந்தார்கள்.

வாய்மொழித் தேர்வன்று அவரும் தஞ்சாவூர் போனார். கூப்பிட்டது லேகாதான். தேர்வு நடந்த அறைக்கு வெளியே தாழ்வாரத்தில், பிள்ளைகள் நடுவே, இஸ்திரி போட்ட சட்டையோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு பெண் மூச்சு விடாமல் ஏதோ ஒப்பித்துக்கொண்டிருந்தாள். லேகாவின் அறிக்கை, நீல அட்டை போட்டது, ஒரு பிரதி அவர் மடியில் இருந்தது. இங்கிலீஷ். அவர் படங்களை மட்டும் புரட்டினார். மணலில் கிடக்கும் அந்தச் சாம்பல் உடம்பு. அதை இழுத்து வந்த கயிற்றின் முனை ஒரு படத்தில் தெரிந்தது. ஆட்கள் யாரும் தெரியாதபடி ஓரங்களை வெட்டியிருந்தார்கள்.

லேகா வெளியே வந்தபோது முகம் வெளுத்திருந்தது.

"என்னம்மா கேட்டாங்க?"

"நல்லாருக்குன்னு சொன்னாங்கப்பா. எப்புடிக் கெடச்சுதுன்னு கேட்டாங்க. உள்ளூர் மீனவர் ஒருத்தர் தகவல் குடுத்தாருன்னு சொன்னேன்."

"எம்பேரு இதுல இருக்கா?"

"தகவல் குடுத்தவங்க பேரு போடக் கூடாதுப்பா. விதி."

"அதுவும் சரிதான்" என்றார்.

"குட்டி இருந்துச்சான்னு கேட்டாங்க. இல்லன்னு சொன்னேன்."

சிவசாமி அறிக்கையை மூடி அவள் கையில் கொடுத்தார். பிறகு, "சாப்பிட்டியா?" என்று மட்டும் கேட்டார். பழைய பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு ஓட்டலில் இருவரும் சாப்பிட்டார்கள். அவள் பூரி கேட்டாள். அவருக்குப் பசிக்கவில்லை. காப்பி குடித்தார்.

லேகா முதல் வகுப்பில் தேறினாள். சென்னையில் தண்ணீரைச் சோதித்துச் சான்று கொடுக்கும் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தது. முதல் தீபாவளிக்கு வந்தாள். மத்தாப்புக் கொளுத்த அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் யாரும் வரவில்லை. இரண்டு நாள் வீட்டுக்குள்ளேயே இருந்துவிட்டுப் போனாள். அடுத்த பொங்கலுக்கு வேலை அதிகம் என்றாள். பிறகு அவள் வருவதைப் பற்றிப் பேசுவதே குறைந்தது. தினமும் போன் பேசினாள். பேச்சில் கடல் வருவதில்லை.

சுந்தரி குப்பத்துச் சந்தையை விட்டுவிட்டு, பட்டுக்கோட்டைத் தெருக்களில் கூடை சுமந்தாள். ஒரு வருஷம் வரை அவள் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரு நாள் மீனுக்கு உப்புத் தடவிக்கொண்டே, கோபமில்லாத குரலில் சொன்னாள்:

"அன்னைக்கு நீங்க கல்லக் கட்டி விட்டிருந்தா, நம்ம புள்ள இந்நேரம் நம்ம வூட்டுல இருக்கும்."

சிவசாமி, "ம்" என்றார்.

சிவசாமிக்கு வேலை கொடுத்தவர் மீரா சாகிப். அதிராம்பட்டினத்தில் ஐஸ் பிளான்ட் வைத்திருக்கும் பழைய மீன் வியாபாரி. சிவசாமி பிடித்த மீனை முப்பது வருஷமாக எடுத்தவர். வேலை கேட்டுப் போய் நின்றபோது அவர் காரணம் எதுவும் விசாரிக்கவில்லை.

"வாங்க சிவசாமி. குளிர் தாங்குமா ஒங்களுக்கு?"

"தாங்கிக்கிறேன் பாய்."

ஐஸ் பாளங்களைக் கொக்கியால் இழுத்து, நொறுக்கும் மிஷினில் தள்ள வேண்டும். கை மரத்துப்போகும். விரல் நுனிகள் வெடித்து, ராத்திரி தேங்காயெண்ணெய் தடவினால்தான் எரிச்சல் அடங்கும். ஐஸ் வாங்க வருகிறவர்கள் எல்லாம் அவருக்குத் தெரிந்தவர்கள். சொந்தக் கரைக்காரர்கள். "ரெண்டு பெட்டி" என்பார்கள். அவர் நிரப்பிக் கொடுப்பார். பேச்சு அதோடு சரி. நாளாக ஆக, ஒன்றிரண்டு பேர் "என்ன வெயிலு" என்ற அளவுக்கு வந்தார்கள். புதிய ஆட்களோடு கடலுக்குப் போய்க்கொண்டிருந்த பரிதி மட்டும் நேரில் வராமல் வேறு ஆளை அனுப்பினான்.

ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு காலையில் அவனே வந்தான். மெலிந்திருந்தான். மிஷின் சத்தத்தில் அவன் கூப்பிட்டது முதலில் கேட்கவில்லை. நிமிர்ந்து பார்த்த சிவசாமி மிஷினை நிறுத்தினார்.

"வா மாப்ள. எத்தன பெட்டி?"

"மூணு மச்சான்."

அவர் நிரப்பத் தொடங்கினார். பரிதி சுவரில் சாய்ந்து நின்றான்.

"பெரியவ வயசுக்கு வந்துட்டா. வர்ற ஞாயித்துக்கெழம தண்ணி ஊத்துறோம். ஊருக்கெல்லாம் சொல்லியாச்சு." நிறுத்தினான். "அத்தக்காரி இல்லாம எப்புடி? அக்காவ வரச் சொல்லுங்க."

"சொல்றேன்."

"நீங்க..." என்று ஆரம்பித்தவன் ஈரத் தரையைப் பார்த்தான். "ஊருப் பெரியவங்கல்லாம் வருவாங்க மச்சான். அதான்."

"எனக்கு ஞாயித்துக்கெழம இங்க வேலை இருக்கும்டா" என்றார் சிவசாமி. "அக்கா வருவா. அவள நல்லாப் பாத்துக்கோ."

பரிதி தலையை ஆட்டினான். கண்ணைத் துடைக்க வந்த கையைப் பாதியில் நிறுத்தி, மூக்கைத் துடைப்பது போலத் துடைத்துக்கொண்டான். மூன்றாவது பெட்டியில் விளிம்புக்கு மேலும் ஐஸ் குவித்து, சாக்கைப் போட்டு மூடினார் சிவசாமி. ஆளுக்கொரு பக்கம் பிடித்து, பெட்டிகளை ஒவ்வொன்றாக வண்டியில் ஏற்றினார்கள். வண்டி கிளம்பிக் கடற்கரைச் சாலையில் திரும்பியது. அவர் உள்ளே வந்து மிஷினைப் போட்டுவிட்டு, அடுத்த பாளத்தை இழுத்தார்.